ரோலிங் லினக்ஸ் சாயாமல் ஓட: ஓப்பன்சூசே டம்பிள்வீட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்குள்ள பதில்கள் ஓப்பன்சூசே டம்பிள்வீடை மையமாக வைத்தவை. இது ரோலிங் வகை லினக்ஸ்: பெரிய பதிப்புக்காகக் காத்திராமல், புதியவை வர வர ஏறிக்கொண்டே இருக்கும். ஆர்ச், மஞ்சாரோ, டெபியன் எல்லாம் ஒப்பிடத் தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். மென்பொருள் பேக்கேஜ்களை நிறுவும் ஜிப்பர் என்ற கருவியின் எழுத்து: இஸட், ஒய், இரண்டு பி, இ, ஆர். சட்டையில் இருக்கும் ஜிப்பைத் தட்டினால் ஒன்றும் நடக்காது.

ரோலிங் என்றாலே தினம் மாறுவது. அதில் ஸ்டேபிள் எங்கிருந்து வந்தது?

ஸ்டேபிள் என்ற சொல்லை இரண்டு பொருளில் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று, மாறாமல் இருப்பது. டெபியன் ஸ்டேபிள் அந்த வகை: இன்று இருக்கும் லிப்ரேஆபிஸ் பதிப்புதான் இரண்டு வருடம் கழித்தும் இருக்கும், ஓட்டைகள் மட்டும் அடைபடும். இன்னொன்று, விழாமல் இருப்பது. காலையில் கணினியைத் திறந்தால் நேற்று வேலை செய்தது இன்றும் வேலை செய்ய வேண்டும்.

முதல் வகை நிலைத்தன்மை ரோலிங்கில் கிடையாது. லினக்ஸின் மையமான கெர்னல் 9, 10 வாரத்துக்கு ஒருமுறை புதிதாக வரும், ஜினோம் டெஸ்க்டாப் வருடத்துக்கு இருமுறை முகம் மாற்றும். இரண்டாம் வகையைச் சம்பாதித்துக்கொள்ளலாம். அதற்கு மூன்று விஷயம் வேண்டும்: பேக்கேஜ்கள் ஒன்றாகச் சோதிக்கப்பட்டு ஒன்றாக வர வேண்டும், வெளி ரெப்போக்கள் (பேக்கேஜ்கள் இறங்கும் களஞ்சியங்கள்) குறைவாக இருக்க வேண்டும், கெட்டுப்போனால் ஐந்து நிமிடத்தில் நேற்றைய நிலைக்குத் திரும்ப வழி இருக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். திரும்பும் வழி இல்லாத ரோலிங் கணினியை அலுவலக வேலைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆர்ச், மஞ்சாரோ, டெபியன் டெஸ்டிங் இருக்க, ஏன் டம்பிள்வீட்?

டம்பிள்வீட் இன்றைய வடிவத்துக்கு வந்தது 2014 நவம்பரில், ஓப்பன்சூசேயின் ஃபேக்டரி என்ற வளர்ச்சிக் கிளை இதனோடு இணைந்தபோது. இதில் பேக்கேஜ்கள் தனித்தனியாக வெளியே வருவதில்லை. மொத்தத் தொகுப்பும் ஒரு தேதி எண்ணோடு வரும். 20240328 என்றால் 2024 மார்ச் 28 தொகுப்பு. அதற்குமுன் ஓப்பன்க்யூஏ என்ற தானியங்கிச் சோதனைக்கூடம் அந்தத் தொகுப்பை மெய்நிகர் கணினிகளில் நிறுவிப் பார்க்கும், பழையதிலிருந்து அப்கிரேட் செய்யும், டெஸ்க்டாப்பில் நுழையும், ஃபயர்ஃபாக்ஸைத் திறக்கும். ஒவ்வொரு படியிலும் திரையைப் படம் பிடித்து, இருக்க வேண்டிய படத்தோடு ஒப்பிடும். பெரிய சோதனை தோற்றால் அந்தத் தொகுப்பு வெளியே வராது. அதனால்தான் சில வாரம் ஐந்து தொகுப்பு வரும், சில வாரம் ஒன்றுகூட வராது.

ஆனால் இந்தச் சோதனைகள் பெரும்பாலும் மெய்நிகர் கணினியில் ஓடுபவை. உங்கள் வைஃபை சிப், பிரிண்டர், என்விடியா அட்டை எதுவும் அங்கே இல்லை. டம்பிள்வீடில் வரும் தொல்லைகளில் பெரும்பங்கு வன்பொருள் பக்கமிருந்து வருவதற்குக் காரணம் இதுதான்.

ஆர்ச் மோசமில்லை. ஆனால் அப்டேட்டுக்கு முன் அதன் செய்திப் பக்கத்தைப் படிப்பது உங்கள் பொறுப்பு. 2022 ஆகஸ்டில், கணினியை எழுப்பும் பூட்லோடரான க்ரப்பின் அப்டேட்டுக்குப் பிறகு ஆர்ச் வழிக் கணினிகள் பல எழவே இல்லை. க்ரப் பேக்கேஜ் புதிதாகிவிட்டது. ஆனால் பூட் பகுதியில் ஏற்கெனவே பதிந்திருந்த க்ரப் பழையதாகவே கிடந்தது. புதிதாக எழுதப்பட்ட கான்ஃபிக் கோப்பில் இருந்த ஒரு கட்டளை பழைய க்ரப்புக்குப் புரியவில்லை. கதை அவ்வளவுதான், ஆனால் ஒருநாள் வேலை போய்விடும்.

மஞ்சாரோ ஆர்ச் பேக்கேஜ்களைச் சில நாளிலிருந்து சில வாரம் வரை நிறுத்தி வைத்து வெளியிடுகிறது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஆர்ச் பயனர்களின் ரெப்போவான ஏயூஆரில் இருப்பவை இன்றைய ஆர்ச்சை நம்பிக் கட்டப்பட்டவை. நிறுத்தி வைத்த அடித்தளத்தோடு அவை அடிக்கடி முட்டிக்கொள்ளும். டெபியன் டெஸ்டிங் என்பது அடுத்த ஸ்டேபிளுக்கான பட்டறை. வெளியீட்டுக்கு முன் பல மாதம் உறைந்து நிற்கும், பாதுகாப்புத் திருத்தங்களும் தாமதமாகலாம். அதை ரோலிங் என்று நம்பிப் பயன்படுத்துவது தவறான எதிர்பார்ப்பு.

யார் இதைத் தொடவே வேண்டாம்?

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஒரு நாளைக்கு 1.5 ஜிபி மட்டும் வைத்திருப்பவர்கள். பில் போடும் கடைக் கணினி. கெர்னலுக்கு வெளியே இருக்கும் இசட்எஃப்எஸ் கோப்பு முறை மாதிரியான மாட்யூல்களை (கெர்னலோடு சேரும் துண்டுகளை) நம்பி இருப்பவர்கள். இவர்களுக்கு ஓப்பன்சூசே லீப், டெபியன், உபுண்டு எல்டிஎஸ் ஆகியவற்றில் ஒன்று போதும்.

இடைவழியும் உண்டு. ஸ்லோரோல் என்ற கிளை டம்பிள்வீடிலிருந்தே பிறப்பது; பெரிய மாற்றங்கள் மாதத்துக்கு ஒருமுறை போல வரும், பாதுகாப்புத் திருத்தங்கள் நடுவிலும் வரும்.

எந்த வன்பொருளில் நிம்மதியாக ஓடும்?

இன்டெல் அல்லது ஏஎம்டி கிராஃபிக்ஸ், இன்டெல் வைஃபை. இவற்றின் டிரைவர்கள் கெர்னலுக்குள்ளேயே இருப்பதால் கெர்னல் மாறும்போது கூடவே மாறும். கெர்னலுக்கு வெளியிலிருந்து வரும் எதுவும், பழைய பிராட்காம் வைஃபை டிரைவர் மாதிரி, புதுக் கெர்னல் வரும் வாரத்தில் உடையக் காத்திருப்பதே. பழைய மடிக்கணினியில் பிராட்காம் இருந்தால் சில நூறு ரூபாயில் கெர்னல் நேரடியாக ஆதரிக்கும் யூஎஸ்பி வைஃபை ஒன்றை வாங்கி மாட்டுவது, மாதாமாதம் டிரைவரோடு மல்லுக்கட்டுவதைவிட மேல்.

நிறுவும்போது வட்டை எப்படிப் பிரிப்பது?

ரூட்டுக்கு, அதாவது சிஸ்டம் இருக்கும் பகுதிக்கு, பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறை, இதுவே இன்ஸ்டாலரின் இயல்பு, மாற்றாதீர்கள். 40 ஜிபி என்பது குறைந்தபட்சம். ஸ்னாப்ஷாட்டுகளும் (ஒரு நேரத்து நிலையின் பதிவுகளும்) அதற்குள்தான் வாழ வேண்டும் என்பதால் 80 முதல் 100 ஜிபி கொடுங்கள். கணினி எழத் தேவையான ஈஎஃப்ஐ பகுதிக்கு 1 ஜிபி. ஹைபர்னேட் வேண்டுமென்றால் ஸ்வாப் ரேம் அளவுக்கு. உங்கள் கோப்புகள் இருக்கும் ஹோமைத் தனிப் பகுதியாகப் போடலாம், ரூட்டுக்குள்ளேயே சப்வால்யூமாகவும் (உட்பிரிவாகவும்) விடலாம். இரண்டிலும் ரூட்டின் ஸ்னாப்ஷாட்டுக்குள் ஹோம் வராது.

ஒன்றை மட்டும் தொடாதீர்கள்: கெர்னல் இருக்கும் பூட் அடைவைத் தனிப் பகுதியாகப் பிரிக்காதீர்கள். பலர் ஆர்ச்சில் ஸ்னாப்ஷாட் எடுக்கும் ஸ்னாப்பர் கருவியைப் போட்டுவிட்டு, கெர்னலை ஈஎஃப்ஐ பகுதியில் வைத்திருப்பார்கள். அது ஃபேட் வடிவம், ஸ்னாப்ஷாட் அங்கே கிடையாது. நேற்றைய நிலைக்குத் திரும்பினால் ரூட்டில் நேற்றைய மாட்யூல்கள் இருக்கும், ஃபேட்டில் இன்றைய கெர்னல் இருக்கும். இன்றைய கெர்னல் நேற்றைய மாட்யூல்களை ஏற்காது; வைஃபை, சவுண்ட் ஒன்றும் வராது, சிலசமயம் கீபோர்டுகூட. இன்ஸ்டாலரில் 2025 வரை இயல்பாக இருந்த க்ரப் அமைப்பில் கெர்னல் ரூட்டுக்குள்ளேயே இருப்பதால், திரும்பும்போது இரண்டும் சேர்ந்தே திரும்பும்.

ஜிப்பர் அப், ஜிப்பர் டப்: எது சரி?

டம்பிள்வீடில் எப்போதும் டப். ரெப்போ பட்டியலைப் புதுப்பிக்க சுடோ ஜிப்பர் ரெஃப், பிறகு சுடோ ஜிப்பர் டப். சுடோ என்பது நிர்வாகி உரிமையோடு ஓட்டுவதற்கு.

அப் என்பது இருக்கும் பேக்கேஜ்களைப் புதிய எண்ணுக்கு ஏற்ற மட்டும் பார்க்கும். டப் என்பது டிஸ்ட்-அப்கிரேடின் சுருக்கம். ரெப்போவில் இன்று என்ன இருக்கிறதோ அதே நிலைக்கு உங்கள் கணினியைக் கொண்டுவரும். ஒரு பேக்கேஜ் இரண்டாகப் பிரிந்திருந்தாலும், பெயர் மாறியிருந்தாலும், பதிப்பு எண் கீழே இறங்கியிருந்தாலும் அதையும் செய்யும். அப் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தால் சில மாதத்தில் பாதிப் பழையதும் பாதிப் புதியதுமாக, யாரும் சோதிக்காத கலவை ஒன்று உங்கள் கணினியில் இருக்கும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை அப்டேட் செய்ய வேண்டும்?

வாரம் ஒருமுறை நல்ல பழக்கம். இரண்டு வாரம் தள்ளினாலும் ஒன்றும் ஆகாது. தினமும் செய்வதால் பலன் எதுவும் இல்லை, ஸ்னாப்ஷாட் எண்ணிக்கைதான் கூடும். நாளை ஒரு வேலையை ஒப்படைக்க வேண்டியிருந்தால் இன்று தொடவே தொடாதீர்கள். வெள்ளி மாலை செய்துவிட்டு, சனி காலை கெட்டிருந்தால் பார்த்துக்கொள்ள நேரமிருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

டேட்டா கணக்கு: சாதாரண வாரத்தில் சில நூறு எம்பி. ஜிசிசி கம்பைலரின் பெரிய பதிப்பு ஏறும்போதோ அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சி மாறும்போதோ மொத்த டிஸ்ட்ரோவும் மறுபடி கட்டப்படும். அன்று 2,000-க்கு மேல் பேக்கேஜ், 2 ஜிபிக்கு மேல் இறக்கம் என்று வரலாம். பதற வேண்டாம், அது விபத்தல்ல. ஜிப்பர் டப்போடு இரட்டைக் கோடு போட்டு டவுன்லோட்-ஒன்லி சேர்த்தால் இறக்கி மட்டும் வைக்கும். நடுவில் நெட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இறங்கி முடிந்தபின் வெறும் டப் ஓட்டினால் நிறுவும் வேலை மட்டும் மிஞ்சும். மின்வெட்டு உள்ள ஊரில் இப்படி இரண்டாகப் பிரிப்பதே நல்லது. நிறுவும் நேரம் குறைவு, மடிக்கணினி பேட்டரியோ யூபிஎஸ்ஸோ அதைத் தாங்கும்.

'ஒய்' தட்டும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

ஜிப்பர் கேள்வி கேட்பதற்கு முன் நீளமாக ஒரு பட்டியல் போடும். ஏறப்போகும் பேக்கேஜ் பட்டியலைப் படிக்கத் தேவையில்லை. மூன்று தலைப்பை மட்டும் பாருங்கள்: நீக்கப்படப் போகிறவை, பதிப்பு இறங்கப் போகிறவை, வெண்டர் (பேக்கேஜைத் தரும் குழு) மாறப் போகிறவை. நீக்கும் பட்டியலில் பழைய எண் கொண்ட லிப் பேக்கேஜ்கள் பத்து இருந்தால் சகஜம். அதில் பிளாஸ்மா டெஸ்க்டாப், நெட்வொர்க்மேனேஜர், ஜிப்பர் இவற்றில் ஒன்று இருந்தால் 'என்' தட்டிவிட்டு எழுந்து போங்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகியிருக்கும்.

பெரிய அப்டேட்டை டெஸ்க்டாப்பின் டெர்மினல் ஜன்னலில் ஓட்டாதீர்கள். நடுவில் டெஸ்க்டாப் விழுந்தால் ஜன்னலும் போகும், ஜிப்பரும் பாதியில் நிற்கும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி வரும் கறுப்புத் திரையில் நுழைந்து ஓட்டுங்கள், இல்லையென்றால் ஜன்னல் போனாலும் வேலையைத் தொடரும் டிமக்ஸ் உள்ளே ஓட்டுங்கள். பேக்கேஜ்கிட் பூட்டி வைத்திருக்கிறது, வெளியேறச் சொல்லவா என்று ஜிப்பர் கேட்டால் ஆமாம் என்று சொல்லலாம். டாஸ்க்பாரில் இருக்கும் அப்டேட் ஐகான் பின்னணியில் செய்யும் வேலை அது.

முடிந்ததும் ஜிப்பர் பிஎஸ், ஒற்றைக் கோடு எஸ். நீக்கப்பட்ட பழைய கோப்புகளை இன்னும் பிடித்துக்கொண்டு ஓடும் புரோகிராம்களை அது காட்டும். பட்டியல் நீளமாக இருந்தால் ரீபூட் செய்வதே சுருக்கமான வழி.

வீடியோ ஓட பேக்மேன் ரெப்போ சேர்த்தேன். இப்போது ஒவ்வொரு வாரமும் 'பிராப்ளம்' என்று நிற்கிறது. என்ன செய்வது?

முதலில் பெயர்க் குழப்பம்: ஆர்ச்சின் பேக்கேஜ் கருவிக்கும் ஒலியில் இதே பெயர். இங்கே சொல்வது ஓப்பன்சூசேக்கான வெளி ரெப்போவை.

ஹெச்.264, ஹெச்.265 போன்ற கோடெக்குகளுக்குக் காப்புரிமை இருப்பதால் ஓப்பன்சூசே அவற்றை முழுதாகத் தன் ரெப்போவில் தருவதில்லை. வீடியோவைப் பிரித்துக் காட்டும் எஃப்எஃப்எம்பெக்கை முழுதாகப் பேக்மேன் தருகிறது. அது தனிக் குழு, தனிக் கட்டுமான மேடை. டம்பிள்வீடில் ஒரு லிப் பேக்கேஜின் எண் மாறிய அன்றைக்கே பேக்மேனும் மறுபடி கட்டி முடிக்கும் என்று சொல்ல முடியாது. ஓரிரு நாள் பின்தங்கும். அந்த இடைவெளியில் நீங்கள் டப் ஓட்டினால் இந்த முட்டல் வரும்.

ஜிப்பர் மூன்று தீர்வு தரும். ஒன்று பழையதை அப்படியே வைத்துக்கொள்வது, ஒன்று வெண்டரை மாற்றுவது, இன்னொன்று சார்புகளைப் பொருட்படுத்தாமல் உடைத்து நிறுவுவது. கடைசியை எந்த நிலையிலும் தேர்ந்தெடுக்காதீர்கள். இன்று பட்டியல் ஓடிவிடும், அடுத்த வாரம் வீடியோ பிளேயர் திறக்காது, காரணமும் மறந்திருக்கும். எளிய விடை 'சி' தட்டி ரத்து செய்துவிட்டு இரண்டு நாள் காத்திருப்பது. பத்தில் ஒன்பது முறை இதுவே போதும்.

எங்கள் பரிந்துரை இன்னும் எளிது: பேக்மேனே வேண்டாம். விஎல்சி, ஃபயர்ஃபாக்ஸ், ஓபிஎஸ் இவற்றை ஃப்ளாட்ஹப் தளத்திலிருந்து ஃப்ளாட்பேக்காக (தேவையானதைத் தன்னோடு கொண்டுவரும் செயலியாக) போட்டால் கோடெக் உள்ளேயே வரும், அடித்தளத்தோடு முட்டாது. ஏற்கெனவே சேர்த்தவர்கள் வெளியே வர: சுடோ ஜிப்பர் எம்ஆர், ஒற்றைக் கோடு டி, ரெப்போவின் பெயர் என்று தட்டி முடக்குங்கள், பிறகு டப்போடு இரட்டைக் கோடு அலவ்-வெண்டர்-சேஞ்ச் சேர்த்து ஓட்டுங்கள். சில பேக்கேஜ்கள் பதிப்பு இறங்கும். அது சரியானதே.

பேக்மேன்தான் வேண்டும் என்பவர்கள் ஓபிஐ என்ற சிறு கருவியை நிறுவி, ஓபிஐ கோடெக்ஸ் என்று தட்டினால் ரெப்போ சேர்த்து வெண்டர் மாற்றுவது வரை அதுவே செய்யும். நான்கைந்து தனியார் ரெப்போக்களை மேலே அடுக்குவதைத் தவிருங்கள். ஒவ்வொன்றும் ஓப்பன்க்யூஏ பார்க்காத ஒரு கதவு.

என்விடியா அட்டை. அப்டேட்டுக்குப் பின் கறுப்புத் திரை.

கெர்னல் முன்னே போய்விட்டது, டிரைவர் மாட்யூல் அதற்குக் கம்பைல் ஆகவில்லை. வழக்கமான காரணம் இதுதான். பூட் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் உள்ளே போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். டம்பிள்வீட் இயல்பாகவே புதியது, அதற்கு முந்தையது, இப்போது ஓடுவது என்று கெர்னல்களை வைத்திருக்கும். பழைய கெர்னலில் திரை வந்துவிட்டால் நோய் எங்கே என்று தெரிந்துவிட்டது. டிரைவர் புதிதாக வரும்வரை அதிலேயே இருங்கள். கெர்னல்-லாங்டெர்ம் என்ற பேக்கேஜும் ரெப்போவில் உண்டு. நீண்டகால ஆதரவுக் கெர்னலை அது பக்கத்தில் வைத்திருக்கும், ஆபத்துக்கு உதவும்.

கையொப்பமிட்டதை மட்டும் ஏற்றும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் இன்னொரு பொறி இருக்கிறது. டிரைவரை நிறுவியபின் முதல் ரீபூட்டில் நீலத் திரை ஒன்று வந்து ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லிப் பத்து விநாடி எண்ணும். பலர் அந்த நேரத்தில் டீ எடுக்கப் போயிருப்பார்கள். தவறவிட்டால் டிரைவரின் சாவி பதியாது, டிரைவர் ஏறாது. விசையை அழுத்தி, என்ரோல் மோக், கன்டினியூ, யெஸ் என்று போய் ரூட் கடவுச்சொல்லைக் கொடுங்கள். அந்தத் திரை அமெரிக்க கீபோர்டு அமைப்பை மட்டுமே அறியும். கடவுச்சொல்லில் குறியீடுகள் இருந்தால் கவனம்.

பழைய அட்டை வைத்திருப்பவர்களுக்கு: மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைக்கு, அதாவது ஜிடிஎக்ஸ் 900, 10 வரிசைகளுக்கு, 580 கிளைதான் கடைசி என்று என்விடியா அறிவித்துவிட்டது. ரோலிங்கில் நீண்டநாள் ஓட்டும் எண்ணமிருந்தால் அந்த அட்டைகளை நம்பித் திட்டமிடாதீர்கள்.

அப்டேட்டுக்குப் பின் கணினி கெட்டுவிட்டது. நேற்றைய நிலைக்கு எப்படித் திரும்புவது?

ஜிப்பர் ஒவ்வொரு முறையும் வேலைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என ஸ்னாப்பர் வழியாக இரண்டு ஸ்னாப்ஷாட் எடுத்திருக்கும்.

கணினியை எழுப்பும்போது பூட் மெனுவில், படிக்க மட்டுமான ஸ்னாப்ஷாட்டிலிருந்து தொடங்கு என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். உள்ளே போனால் தேதியோடு பட்டியல். கெட்ட அப்டேட்டுக்கு 'முன்' எடுத்ததைத் தேர்ந்தெடுங்கள். விளக்கத்தில் ஜிப் என்றும் ஜிப்பர் என்றும் இருக்கும். கணினி எழும், ஆனால் ரூட்டில் எதையும் எழுத முடியாத நிலையில் எழும். அவசரப்படாமல் சோதியுங்கள்: வைஃபை வருகிறதா, சவுண்ட் வருகிறதா, டெஸ்க்டாப் திறக்கிறதா. எல்லாம் சரி என்றால் டெர்மினலில் சுடோ ஸ்னாப்பர் ரோல்பேக். எண் கொடுக்க வேண்டாம். நீங்கள் நிற்கும் ஸ்னாப்ஷாட்டையே அது எடுத்துக்கொள்ளும். பிறகு ரீபூட்.

பலர் கடைசிக் கட்டளையை மறந்துவிட்டு, சரியாகிவிட்டது என்று நினைத்து அணைப்பார்கள். மறுநாள் அதே கெட்ட கணினிதான் எழும்.

ரோல்பேக் எதையும் அழிப்பதில்லை. கெட்டுப்போன நிலையையும் ஒரு ஸ்னாப்ஷாட்டாகச் சேமித்துவிட்டு, நீங்கள் தேர்ந்ததன் எழுதக்கூடிய நகலை இயல்பாக்குகிறது, அவ்வளவே. என்ன கெட்டது என்று பிறகு ஆராயவும் முடியும்.

திரும்பிவிட்டேன், ஆனால் பிளாஸ்மா இன்னும் குழப்பமாக இருக்கிறது. ஏன்?

ஹோம் திரும்பவில்லை, அதனால். பிளாஸ்மா 5 போய் 6 வந்தபோது, அது 2024 பிப்ரவரி 28 வெளியீடு, உங்கள் ஹோமில் இருக்கும் அமைப்புக் கோப்புகளும் புது வடிவுக்கு மாறின. ரூட்டை மட்டும் பின்னால் தள்ளினால் பழைய டெஸ்க்டாப் புதிய அமைப்பைப் படிக்க முயலும். பெரிய டெஸ்க்டாப் பதிப்பு வரும் வாரத்தில் ஹோமிலுள்ள டாட் கான்ஃபிக் அடைவை ஒரு நகல் எடுத்து வையுங்கள். பெரிதாக இருக்காது.

மாறிக்கொண்டே இருக்கும் தரவு வாழும் வார் அடைவும் ஸ்னாப்ஷாட்டுக்குள் இல்லை. போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸ் அங்கேதான் இருக்கும். பதிப்பு 16-இலிருந்து 17-க்குத் தரவை மாற்றியபின் ரூட்டைத் திருப்பினால், பழைய புரோகிராம் புதிய தரவைத் திறக்காது. டெவலப்பர்கள் டேட்டாபேஸைக் கன்டெய்னரில் பதிப்பு எண் குறித்து ஓட்டுவது புத்திசாலித்தனம்.

இன்னொன்று: ஸ்னாப்ஷாட் பேக்கப் அல்ல. அதே வட்டில்தான் இருக்கிறது. எஸ்எஸ்டி செத்தால் இரண்டும் சேர்ந்தே சாகும். வெளி வட்டுக்குப் போர்க் அல்லது ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவி கொண்டு ஹோமை நகலெடுங்கள்.

ரூட் நிறைந்துவிட்டது. 10 ஜிபி கோப்புகளை நீக்கியும் இடம் வரவில்லை!

ஸ்னாப்ஷாட் பழைய கோப்புகளைப் பிடித்து வைத்திருக்கிறது. நீங்கள் நீக்கியது இன்றைய பார்வையிலிருந்து மட்டும் போனது.

சுடோ ஸ்னாப்பர் லிஸ்ட் தட்டினால் எண், தேதி, ஒவ்வொன்றும் தனியாகப் பிடித்திருக்கும் அளவு தெரியும். பழையவற்றை ஸ்னாப்பர் டிலீட், எண்ணிலிருந்து எண் வரை இடைக்கோடு போட்டு நீக்குங்கள். இப்போது ஓடும் எண்ணுக்குப் பக்கத்தில் குறி இருக்கும். அதை அது நீக்க விடாது. இயல்பாகச் சாதாரண ஸ்னாப்ஷாட் 2 முதல் 10 வரையும், கெர்னல், ஜிலிப்சி, சிஸ்டம்டி மாறியபோது எடுத்த முக்கியமானவை 4 முதல் 10 வரையும் தங்கும். 40 ஜிபி ரூட்டில் இருப்பவர்கள் ஸ்னாப்பரின் ரூட் கான்ஃபிக் கோப்பில் இரண்டின் மேல் எல்லையையும் 5-ஆகக் குறைத்துவிடலாம்.

டிஎஃப் கட்டளை இடம் இருக்கிறது என்கிறது, நிறுவும்போது இடமில்லை என்கிறது என்றால் அது வேறு நோய். பிடிஆர்எஃப்எஸ் வட்டைப் பெரிய துண்டுகளாக ஒதுக்கும். எல்லாத் துண்டும் ஒதுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் அரைகுறையாக நிரம்பியிருக்கும். பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் யூசேஜ் கட்டளையில் ஒதுக்கப்படாத இடம் பூச்சியத்தை ஒட்டி இருந்தால் இதுதான். பிடிஆர்எஃப்எஸ் பேலன்ஸ் ஸ்டார்ட், டியூசேஜ் 10 என்ற வடிகட்டியோடு ஓட்டுங்கள். 10 சதவீதத்துக்குக் கீழ் நிரம்பிய துண்டுகளை மட்டும் சேர்த்துக் காலியாக்கும். வடிகட்டி இல்லாமல் ஓட்டினால் மொத்த வட்டையும் புரட்டும், மணிக்கணக்காகும்.

புதுசு புதுசாக எடுப்பதால் பாதுகாப்பு குறைவில்லையா? எக்ஸ்இசட் விவகாரம் நினைவிருக்கிறதே.

நியாயமான கேள்வி. 2024 மார்ச் 29 அன்று, போஸ்ட்கிரெஸ் டெவலப்பரான ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒளித்து வைத்த பின்கதவை வெளிப்படுத்தினார். தொலைவிலிருந்து கணினிக்குள் போக உதவும் எஸ்எஸ்ஹெச் வழி நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆனதைத் துருவிப் பார்த்தபோது கிடைத்தது அது. டம்பிள்வீடில் அந்தப் பதிப்பு மார்ச் 7 முதல் 28 வரை இருந்தது. டெபியன் ஸ்டேபிளில் பழைய பதிப்பு இருந்ததால் தப்பியது.

ஆகவே, மூலத்திலேயே விஷம் கலந்தால் ரோலிங் முதலில் குடிக்கும். மறுபக்கம், திருத்தமும் உடனே வந்தது. அந்தத் திருத்தத்தின் பதிப்பு எண் வேடிக்கையானது: 5.6.1.ரிவர்ட்டு5.4. உள்ளே இருந்தது பழைய 5.4. எண் மட்டும் 5.6.1-ஐவிட மேலே தெரியும்படி வைத்தார்கள். எல்லாக் கணினியிலும் அது அப்டேட்டாகவே ஏறியது. எஸ்எஸ்ஹெச் இணையத்துக்குத் திறந்திருந்த கணினிகளைப் புதிதாக நிறுவச் சொன்னார்கள்.

டெஸ்க்டாப்பில் எஸ்எஸ்ஹெச் சேவை தேவையில்லை என்றால் அணைத்து வையுங்கள். இந்த வகை ஆபத்தில் பாதி அங்கேயே குறையும்.

புதிதாக நிறுவினேன். ஸ்டீமில் சில விளையாட்டுகள் திறக்க மறுக்கின்றன.

2025 பிப்ரவரியிலிருந்து புதிய நிறுவல்களில் ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்புக் காவலுக்குப் பதில் எஸ்ஈலினக்ஸ் என்ற இன்னொன்று இயல்பாக வருகிறது. பழைய நிறுவல்கள் தானாக மாறுவதில்லை. அதனால்தான் நண்பர் கணினியில் ஓடுவது உங்களதில் ஓடுவதில்லை. எஸ்ஈலினக்ஸ்-பாலிசி-டார்கெட்டட்-கேமிங் என்ற பேக்கேஜைச் சேருங்கள். எஸ்ஈலினக்ஸையே அணைக்கச் சொல்லும் அறிவுரைகளைக் கேட்காதீர்கள்.

ஓரிரு வருடம் ஓடிய கணினியில் என்ன துப்புரவு வேண்டும்?

ஜிப்பர் பேக்கேஜஸ், இரட்டைக் கோடு ஆர்ஃபன்டு: எந்த ரெப்போவிலும் இல்லாத அநாதைகள் தெரியும். என்விடியா, நீங்களே நிறுவிய ஆர்பிஎம் கோப்புகளும் இதில் வரலாம், கண்மூடி நீக்காதீர்கள். ஆர்பிஎம்கான்ஃபிக்செக் என்ற கட்டளை, நீங்கள் திருத்திய கான்ஃபிக் கோப்புக்குப் பக்கத்தில் வந்து கிடக்கும் புதிய பதிப்புகளைக் காட்டும். முடிவு ஆர்பிஎம்நியூ என்றிருந்தால் உங்கள் கோப்பு அப்படியே இருக்கிறது, புதியது பக்கத்தில். ஆர்பிஎம்சேவ் என்றால் தலைகீழ். டிஃப் போட்டுப் பார்த்து இணையுங்கள். ஜிப்பர் எல்எல் தட்டி, எப்போதோ போட்டு மறந்த பூட்டுகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கெர்னலை ஒருமுறை பூட்டிவிட்டு ஒரு வருடம் மறந்துவிடுவது நடக்கிற கதை.

பிளாஸ்மா 6-க்கு மாறியதும் தமிழ் தட்டச்சு நின்றுவிட்டது.

பிளாஸ்மா 6-இல் திரையைக் கையாளும் முறையாக வேலண்ட் இயல்பு. அதற்கு முந்தைய எக்ஸ்11 காலத்தில் என்விரான்மென்ட் வேரியபிள்கள் எழுதி ஐபஸ்ஸையோ ஃபைடிக்ஸையோ ஓட்டியது இங்கே போதாது. சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு, அதில் விர்ச்சுவல் கீபோர்டு பகுதிக்குப் போங்கள். பெயரைப் பார்த்து இது தொடுதிரைக்கு என்று கடந்துவிடுவார்கள். வேலண்டில் தட்டச்சுக் கருவியைத் தேர்ந்தெடுக்கும் இடமே அதுதான். ஃபைடிக்ஸ் 5 அல்லது ஐபஸ் வேலண்ட் என்பதைத் தேர்ந்து, வெளியேறி மீண்டும் நுழையுங்கள். தமிழ்99 விசைப்பலகை எம்17என் துணைப் பேக்கேஜோடு வருகிறது. அது இல்லாவிட்டால் எம்17என் தரும் தமிழ் முறைகள் பட்டியலில் தெரியாது.

மடிக்கணினி ஆறு மாதம் அணைந்தே கிடந்தது. இப்போது நேராக டப் ஓட்டலாமா?

ஓட்டலாம். டம்பிள்வீடில் நடுவில் விட்ட தொகுப்புகளை வரிசையாக ஏற வேண்டியதில்லை. பெரிய இறக்கமாக இருக்கும், எனவே சார்ஜரில் போட்டு, டவுன்லோட்-ஒன்லியோடு தொடங்குங்கள். பேக்மேன் உள்ளிட்ட வெளி ரெப்போக்களை முதலில் முடக்குங்கள். சிலவற்றின் முகவரியே மாறியிருக்கும். ரெஃப் செய்யும்போது புதிய கையொப்பச் சாவியை நம்பலாமா என்று கேட்டால், அதன் அடையாள எண்ணை ஓப்பன்சூசே தளத்தில் இருப்பதோடு சரிபார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

ஆர்ச்சில் இதே நிலை என்றால் முதலில் ஆர்ச்லினக்ஸ்-கீரிங் பேக்கேஜைப் புதுப்பித்து, கையோடு முழு அப்டேட்டையும் ஓட்ட வேண்டும். சாவி பழையதாக இருந்தால் எல்லாப் பேக்கேஜும் கையொப்பம் தவறு என்று திரும்பிவிடும்.